பாரிசில் ஏழு நாள்

தைப்பூசத் திருநாள் நெருங்குங்கால் பழனி நோக்கிச் செல்லும் சாலைகளிலெல்லாம் அடியார் கூட்டம் நிறைந்து காணப்படும். காவடி சுமப்போரும், வேல் ஏந்துவோரும், குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மாருமாக அக்கூட்டம் பல நாள் நடந்து வரும். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியில் ஒருங்கு கூடிக் காவடியுடன் பழனிக்கு நடந்து வருதல் பல தலைமுறைகளாக நிகழ்ந்து வரும் வழக்கமாகும். இங்ஙனம் நடந்து வருவோருள் செல்வரும் உளர், வறியவரும் உளர். ஆயினும் வழியில் அவர்களுக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நடப்பதற்குக் கட்டணம் இல்லை. மரநிழலுக்கு வாடகை இல்லை. மடங்களும் சத்திரங்களும் தங்க இடம் தருகின்றன. அன்னதானப் பந்தல்கள் பசி தீர்க்கின்றன. மலையடிவாரத்தை அடைந்தபின், ஏறத்தாழ எழுநூறு படிகளை ஏறிச் சந்நிதியிற் போய் நிற்கின்றனர்.

சிறுபொருளைக் கையிற் கொண்டு நெடுந்தொலை சென்று மீளுதல் இவ்வாறு நம் நாட்டார்க்குப் பழகிய ஒன்று. எனினும், கடல் கடந்த நாட்டிலுள்ள ஒரு பழம்பெருந் தலைநகரைக் காண்பது பற்றிப் பேச்சு எழும்போது மட்டும், 'அது செல்வர்க்கே இயலும்' என்று பலர் கூறி விடுகின்றனர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. கப்பலுக்கோ வானூர்திக்கோ பொருள் கொடாமல் கடலைக் கடத்தல் இயலாது. ஆனால் அந்நகரை அடைந்த பிறகு, அதனைக் கண்டு அறிவதற்கு எவ்வளவு பொருள் வேண்டும், பொருளைத் தவிர வேறு என்ன வேண்டும் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு சான்று, பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் ஏழு நாள் தங்கிய இந்திய மாணாக்கர் ஒருவரின் வரலாற்றில் உள்ளது. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பது அம்மாணாக்கரின் பெயர். உலகம் பின்னர் மகாத்மா என்று போற்றிய பெரியார் அவரே.

காந்தியடிகள் 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். சட்டக் கல்வி பயிலும் பொருட்டு 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி இலண்டன் சேர்ந்தார். சிக்கனத்தின் அருமை தொடக்கத்தில் அவர்க்கு முற்றும் விளங்கவில்லை. நகரிற் புகுந்ததும் பெரிய விடுதி ஒன்றில் தங்கினார். அவ்விடுதியார் கணக்கிட்டுக் கேட்ட தொகை மூன்று பவுன் என்று கண்டு திடுக்கிட்டார். பின்னர், ஆங்கிலக் கனவான்களைப் போலத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. 19 ஷில்லிங்கு கொடுத்து உயரமான தொப்பி ஒன்று வாங்கினார்; பத்துப் பவுன் செலவிட்டு மாலைநேர உடை தைப்பித்துக்கொண்டார். நடனம் பயில மூன்று பவுனும், பிடில் வாங்க மூன்று பவுனும், பேச்சுக் கலை கற்க ஒரு கினியும் கரைந்தன. ஏறத்தாழ மூன்று திங்களில் அம்மயக்கம் தெளிந்தது. தாம் அங்கு வந்தது கல்வி கற்பதற்கு என்பதும், தமக்காகப் பொருள் அனுப்பித் துன்புறுபவர் ஊரிலுள்ள தமையனார் என்பதும் அவர் நெஞ்சில் நன்கு பதிந்தன.

அம்மயக்கத்திற்கு இடையிலும் ஒரு நல்ல பழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. கைவிட்டுச் சென்ற ஒவ்வொரு காசுக்கும் அவர் கணக்கு எழுதி வந்தார். வண்டிக் கட்டணமாயினும், அஞ்சல் தலையாயினும், செய்தித்தாளாயினும் ஏட்டில் ஏறாமற் போவதில்லை. இரவு உறங்கப் போகுமுன் வரவையும் செலவையும் கூட்டிச் சரி பார்ப்பார். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பழமொழி. அளந்து பார்த்தவர்க்கே எங்கே குறைக்கலாம் என்பது தெரியும். காந்தியடிகளுக்கும் அவ்வேடே வழி காட்டியது. அவர் பிறர் குடும்பத்தில் பணம் கொடுத்து உண்டு தங்குவதை விடுத்து, தனி அறை எடுத்துக்கொண்டார். செல்லவேண்டிய இடங்களை அரை மணி நேர நடையில் அடையத்தக்கவாறு அறையைத் தேர்ந்தார். இதனால் வண்டிக் கட்டணம் மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தமையால் உடலும் உரம் பெற்றது.

இத்தகைய மாணாக்கரின் காதில் பாரிசில் நிகழும் பெருங்காட்சி பற்றிய செய்தி விழுந்தது. 1789-ஆம் ஆண்டில் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியின் நூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்காக, 1889-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை பாரிசில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. பல நாட்டுக் கைவினைப் பொருள்களும், எந்திரங்களும், கலைச்செல்வங்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதனைக் கண்டனர். பொருட்காட்சியைக் காண வேண்டும், பாரிசு நகரையும் காண வேண்டும் என்னும் இரண்டு விருப்பமும் காந்தியடிகளுக்கு இருந்தன. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று அவர் துணிந்தார். அப்போது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

அவர் செய்துகொண்ட ஏற்பாடுகள் மிக எளியவை. முதலாவது, தங்குமிடம். புலால் உண்பதில்லை என்று தம் அன்னையாருக்கு வாக்களித்திருந்தவர் ஆதலின், பாரிசில் மரக்கறி உணவகம் ஒன்று உண்டென்று கேள்வியுற்று, அங்கேயே ஓர் அறை அமர்த்திக்கொண்டார். உணவும் உறைவிடமும் ஓரிடத்தே அமைந்தமையால் அலைச்சலும் செலவும் குறைந்தன. இரண்டாவது, வழித்துணை. வழிகாட்டி எவரையும் அவர் கூலிக்கு அமர்த்தவில்லை. பாரிசு நகரின் வரைபடம் ஒன்றும், பொருட்காட்சியின் வரைபடமும் விளக்கநூலும் அவர் கையில் இருந்தன. முதன்மையான தெருக்களையும் காணத்தக்க இடங்களையும் கண்டுகொள்ள அவையே போதியனவாயின. மூன்றாவது, ஊர்தி. அவர் பெரும்பாலும் கால்நடையாகவே சென்றார். இம்மூன்றினாலும் ஏழு நாளும் சிக்கனமாக நிறைவேறின.

வரைபடத்தை நம்பி நடப்பவர்க்குப் பாரிசு மிகவும் இசைந்த நகரம். இதற்குக் காரணங்கள் உண்டு. நகரின் நடுவே சேன் என்னும் ஆறு வளைந்து ஓடுகின்றது. ஆற்றின் இடையே ஒரு தீவு உள்ளது. பண்டைக்காலத்தில் பாரிசியர் என்னும் குலத்தார் இப்பகுதியில் வாழ்ந்தமையால் நகருக்கு அப்பெயர் வந்தது. மதுரையிலே கோயிலைச் சூழ்ந்து சித்திரை வீதியும், ஆவணி மூல வீதியும், மாசி வீதியும், வெளி வீதியும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, வழிதவறியவரைக் கோயிலை நோக்கித் திருப்பி விடுகின்றன அல்லவா? பாரிசிலும் அத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் வட்டாரம் நடுவே தொடங்க, ஏனையவை நத்தையின் ஓடு சுழன்று விரிவதுபோல எண் வரிசையில் சுற்றிச் செல்கின்றன. வட்டார எண்ணைக் கேட்ட அளவிலேயே, ஓரிடம் நகரின் நடுவில் உள்ளதா, ஓரத்தில் உள்ளதா என்பதை ஒருவாறு உணரலாம்.

வீட்டு எண்களிலும் ஓர் ஒழுங்கு காணப்படும். 1805-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிப்படி, ஆற்றினின்று விலகிச் செல்லும் தெருக்களில் எண்கள் ஆற்றின் பக்கத்தே தொடங்கி, விலக விலக ஏறும். ஆற்றை ஒட்டி அதனோடு இணையாகச் செல்லும் தெருக்களில் நீர் ஓடும் திசையில் எண்கள் ஏறும். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கத்தும், இரட்டைப்படை எண்கள் மறுபக்கத்தும் இருக்கும். இவ்விதியை அறிந்த ஒருவர், மொழி தெரியாத தெருவில் நின்றாலும், வீட்டுக் கதவின் எண்களைக் கொண்டே ஆறு இருக்கும் திக்கைத் தெரிந்துகொள்வார். இதனைப் படித்து அறிந்துகொள்ளச் சில நிமிடம் போதும். அறியாதவர் வழிதவறி வண்டிக்குக் கொடுக்கும் பணமோ சிறிதன்று. புறப்படுமுன் ஊரைப் பற்றிப் படித்துக்கொள்வது, பயணிக்குக் கையிலுள்ள பொருளைப் பெருக்கித் தருவதற்கு ஒப்பாகும். நகரின் பரப்பும் ஏறத்தாழ 105 சதுரக் கிலோமீட்டரே. நிலத்தின் அடியிற் செல்லும் மின்சார இரயில் பாரிசில் 1900-ஆம் ஆண்டில்தான் ஓடத் தொடங்கிற்று. காந்தியடிகள் சென்ற காலத்தில் அவ்வசதி இல்லை. ஆயினும் நடக்கும் கால் உடையவர்க்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பொருட்காட்சிக்கு வந்தோர் அனைவரையும் கவர்ந்தது ஈபெல் கோபுரம் ஆகும். குஸ்தாவ் ஈபெல் என்னும் பொறியியலாளரின் நிறுவனம் 1887-ஆம் ஆண்டு சனவரியில் அதன் வேலையைத் தொடங்கி, 1889-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முடித்தது. முழுவதும் இரும்பாலாகிய அக்கோபுரம் 300 மீட்டர், அஃதாவது ஆயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரம் உடையது. அந்நாளில் உலகில் மனிதர் எழுப்பிய கட்டடங்களுள் அதனினும் உயர்ந்தது பிறிதொன்று இல்லை. இருபது ஆண்டுகள் மட்டுமே நிற்கலாம் என்னும் கட்டுப்பாட்டுடன் அது எழுப்பப்பட்டது. பின்னர்க் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையால் இடிக்கப்படாமல் தப்பி, நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

காந்தியடிகள் அக்கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அதன் முதல் தளத்தில் ஓர் உணவகம் இருந்தது. அவ்வளவு உயரத்தில் அமர்ந்து உணவு கொண்டோம் என்று சொல்லிக்கொள்ளும் மகிழ்ச்சிக்காகவே, ஏழு ஷில்லிங்கு கொடுத்து அவர் அங்கு நண்பகல் உணவு உண்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் வரலாற்றைச் 'சத்திய சோதனை' என்னும் நூலாக எழுதியபோதும் இதனை அவர் மறைக்கவில்லை. அத்தொகையை வீணாக எறிந்ததாகவே குறித்துள்ளார். இவ்வேழு ஷில்லிங்கின் பெறுமதியை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். இலண்டனில் ஓர் அறையில் தாமே காலை உணவும் இரவு உணவும் அமைத்துக்கொண்டு வாழ்ந்த காலத்தில், நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கு மூன்று பென்சு கொண்டு அவர் காலங் கழித்தார். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்சு. ஆகவே நாட்செலவு 15 பென்சு. ஏழு ஷில்லிங்கு என்பது 84 பென்சு. ஐந்து நாளைக்கு மேல் வாழப் போதிய பொருள் ஒரு வேளை உணவில் போயிற்று. பசிக்காக அன்றிப் பெருமைக்காகச் செய்த செலவு அது. பயணத்தில் பொருள் கரைவது பெரும்பாலும் இத்தகைய வழிகளிலேதான் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. தேவைகள் சில, அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 'நானும் அங்கிருந்தேன், நானும் அதனை உண்டேன்' என்று பிறரிடம் சொல்லும் ஆசைக்கு எல்லை காண்பது அரிது.

ஏழு நாளும் சுற்றிக் கண்டவற்றுள், காலம் பல கழிந்த பின்னும் காந்தியடிகளின் நெஞ்சில் நிலைத்து நின்றது எது? பொருட்காட்சியைப் பற்றி, அது மிகப் பெரிது, பல்வகைப்பட்டது என்பதைத் தவிர வேறொன்றும் தமக்கு நினைவில்லை என்கிறார். ஈபெல் கோபுரத்தைக் காட்சியின் விளையாட்டுப் பொருள் என்றும், அதிற் கலை ஏதும் இல்லை என்றும் பிற்காலத்தில் அவர் கருதினார். அதனை மனித மடமையின் சின்னம் எனப் பழித்த உருசிய அறிஞர் தால்சுதாயின் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார். அவர் மறவாதவை பாரிசின் பழைய தேவாலயங்களே. அவற்றின் மாட்சியும் அமைதியும் அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

அத்தேவாலயங்களுள் தலைசிறந்தது நோத்ரு தாம் எனப்படுவது. சேன் ஆற்றின் நடுவேயுள்ள தீவில் அது நிற்கின்றது. 1163-ஆம் ஆண்டில் அதன் திருப்பணி தொடங்கியது. பெரும்பகுதி முடிவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. கல்தச்சரும், மரத்தச்சரும், வண்ணக் கண்ணாடி அமைப்போரும் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தனர். தொடங்கியவன் முடிவைக் காணவில்லை. முடித்தவன் தொடங்கியவனைக் கண்டதில்லை. நம் நாட்டுப் பெருங்கோயில்களின் மண்டபங்களும் கோபுரங்களும் ஓர் அரசன் காலத்தில் தொடங்கி மற்றோர் அரசன் காலத்தில் நிறைவுற்றதை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. காலப்போக்கில் சிதைவுற்றிருந்த அவ்வாலயத்தின்பால் மக்களின் கருத்தைத் திருப்பியவர் விக்டர் யூகோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர். 1831-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய புதினம் அவ்வாலயத்தையே களமாகக் கொண்டது. அதன் பின்னரே பெரிய அளவிற் புதுப்பிக்கும் பணி தொடங்கிற்று. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மூண்ட தீயினால் மரத்தாலாகிய கூரை எரிந்தது. உயர்ந்த கூர்முனைக் கோபுரமும் சரிந்து விழுந்தது. ஐந்தாண்டுக்கு மேல் நடந்த திருப்பணிக்குப் பின், 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

அங்கே காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்டது கட்டடத்தின் பெருமை மட்டுமன்று. தெருவின் ஆரவாரத்தினின்று ஆலயத்துள் நுழைந்த மக்கள் உடனே அமைதியுற்றதை அவர் கண்டார். கன்னி மரியாளின் உருவத்தின் முன் முழந்தாளிட்டு வணங்குவோரை, அருகே செல்வோர் மரியாதையோடு கடந்து சென்றதையும் கண்டார். அவ்வணக்கம் வெறும் மூடநம்பிக்கை ஆகாது, அவர்கள் வணங்குவது கல்லையன்று, அக்கல் குறிக்கும் கடவுளையே என்னும் எண்ணம் அவர்க்கு அன்று தோன்றி, நாளடைவில் உறுதிப்பட்டது. பிற சமயத்தார் வணங்கும் இடத்தில் நின்று, அவர்தம் உள்ளத்தை உணர்ந்த இளைஞர் அவர். பழனியில் காவடி இறக்கித் தரையில் விழுந்து வணங்கும் முதியவளின் உள்ளமும், நோத்ரு தாமில் முழந்தாளிட்ட பெண்ணின் உள்ளமும் ஒரே தன்மையன என்பதை உணர்வதற்கு நூல்கள் பல கற்க வேண்டுவதில்லை; சிறிது நேரம் ஓசையின்றி நின்று பார்த்தால் போதும்.

இவ்விடத்தில் ஓர் உண்மை புலப்படுகின்றது. ஏழு ஷில்லிங்கு கொடுத்துப் பெற்ற விருந்து வருத்தமாக முடிந்தது. கட்டணமின்றிப் புகுந்த ஆலயம் வாழ்நாள் முழுதும் நிலைத்த செல்வமாயிற்று. நகரின் மிகச் சிறந்தவை விலைக்கு விற்கப்படாமல் யாவர்க்கும் பொதுவாக இருந்தமையே இதற்குக் காரணம்.

இன்றும் பாரிசில் இத்தன்மையன பல உள. நோத்ரு தாம் ஆலயத்துள் புகக் கட்டணம் இல்லை. ஆற்றங்கரையும், பாலங்களும், பழைய சதுக்கங்களும், பூங்காக்களும் நடப்பவர்க்கு உரியன. பாரிசின் வரலாற்றைக் காட்டும் கார்னவாலே காட்சிச்சாலை முதலாக, நகராட்சிக்குரிய காட்சிச்சாலைகள் பலவற்றில் நிலையாக வைக்கப்பட்ட பொருள்களைக் காசின்றிக் காணலாம். 1872-ஆம் ஆண்டு முதலாக, ரிச்சர்டு வாலசு என்னும் ஆங்கிலேயரின் கொடையால் தெருக்களில் நிறுவப்பட்ட குடிநீர் ஊற்றுகள் பல இன்றும் வழிப்போக்கரின் தாகம் தீர்க்கின்றன. நம் நாட்டுத் தண்ணீர்ப் பந்தலை நினைவூட்டும் அறம் அது. மன்னர் வாழ்ந்த லூவர் அரண்மனை, புரட்சியின் பயனாக, 1793-ஆம் ஆண்டில் பொதுமக்கள் காணும் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அங்கு இன்று கட்டணம் உண்டாயினும், அரசர்தம் கண்ணுக்கு மட்டும் உரியனவாக இருந்த ஓவியங்கள் குடிமக்களின் உடைமை ஆயின என்பது சிறிய மாறுதல் அன்று.

ஈபெல் கோபுரத்தில் ஏறுவோர்க்கும் ஒரு சிக்கன வழி உண்டு. மின்தூக்கியில் ஏறுவோர் மிகுதியான கட்டணம் செலுத்த, படிவழி ஏறுவோர் குறைந்த கட்டணம் செலுத்துகின்றனர். தரையினின்று இரண்டாம் தளம் வரையில் 674 படிகள் உள்ளன. இத்தொகை பழனி மலைப் படிகளின் தொகையோடு நெருங்கி இருப்பது வியப்புக்குரியது. பழனியிலும் இழுவை இரயிலுக்கும் கம்பிவட ஊர்திக்கும் கட்டணம் உண்டு. படிவழிக்கும் யானைப் பாதைக்கும் கட்டணம் இல்லை. முதியோரும் நோயாளரும் ஊர்தியை நாடுதல் முறையே. கால் வலிமை உடையவரோ படிவழி ஏறும்போது, இடையிடையே நின்று, கீழே ஊரும் வயலும் குளமும் மெல்ல மெல்ல விரிந்து வருவதைக் காண்கின்றனர். ஊர்தியில் விரைவோர்க்கு அக்காட்சி சில நொடிகளில் மறைந்து விடுகின்றது.

சிக்கனம் என்பது உலோபம் அன்று என்பதையும் இங்கு உணர்தல் வேண்டும். கொடுக்கவேண்டியதைக் கொடாமல் ஏய்ப்பதும், சீட்டின்றி வண்டியேறுவதும், உழைத்தவன் கூலியிற் பேரம் பேசிக் குறைப்பதும் சிக்கனம் ஆகா. காந்தியடிகள் அறைக்கும் உணவுக்கும் உரிய பணத்தைக் கொடுத்தார். தம் ஆசையில் மட்டுமே பேரம் பேசினார். தாம் கற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளவும் இல்லை. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில், இலண்டனுக்குக் கல்வி கற்கச் செல்லும் இந்திய மாணாக்கர்க்காக ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். வாரத்துக்கு ஒரு பவுன் செலவில் அம்மாநகரில் நலமாக வாழ்தல் கூடும் என்பதை, உணவு, உடை, உறையுள் என ஒவ்வொன்றாக எடுத்து அதில் விளக்கினார். அவர் வாழ்நாளில் அந்நூல் அச்சேறவில்லை. எனினும், பொருள் இன்மையால் ஓர் ஏழை மாணாக்கன் கல்வி இழக்கலாகாது என்னும் அவருடைய எண்ணத்தை அது காட்டுகின்றது.

பத்துப் பவுன் உடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்து திரிந்த அவ்விளைஞர், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மதுரையில் அவ்வகை ஆடம்பரம் அனைத்தையும் துறந்து, ஏழை உழவரைப்போல அரையாடை மட்டும் அணியத் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கதவடைத்த கோயிலுள் தாமும் புகுவதில்லை என்னும் நோன்பையும் மேற்கொண்டார். 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாயில், வைத்தியநாத ஐயர் முதலியோரின் முயற்சியால் அம்மக்களுக்குத் திறந்தது. தமிழ்நாட்டின் வேறு பல கோயில்களும் அவ்வாறே திறந்தன. பழனியும் அவற்றுள் ஒன்று. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 76-ஆம் வயதில், காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்து வழிபட்டார். கையில் தண்டும் அரையிற் கோவணமுமாய் நிற்கும் ஆண்டவன் சந்நிதிக்கு, கையிற் கோலும் அரையிற் சிற்றாடையும் உடைய அடிகள் வந்து சேர்ந்தார்.

பாரிசில் அவர் கண்டு மகிழ்ந்த ஆலயத்தின் வாயில், அயல்நாட்டு ஏழை மாணாக்கர் ஒருவர்க்கும் திறந்திருந்தது. தம் நாட்டிலோ, பழனியின் படிகளுக்குக் கட்டணம் இல்லாதிருந்தும், படியின் முடிவிலிருந்த கதவு ஒருசாரார்க்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. அக்கதவு திறந்த பின்னரே அவரும் உள்ளே புகுந்தார். பயணி தன் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். வழியை நடந்தே கடக்கலாம். வரைபடத்தைப் படித்து அறியலாம். கதவைத் திறந்து வைத்தல் மட்டும் அவ்வூரார் கையில் உள்ளது.

ஆதலால், வெளிநாட்டு நகரைக் காண விரும்பும் மாணவர் பொருள் சேரும் வரையில் வாளா இருத்தல் வேண்டா. நடை பயிலலாம்; கணக்கெழுதப் பழகலாம்; நிலப்படத்தைப் பார்க்கக் கற்கலாம்; செல்ல விரும்பும் ஊரின் வரலாற்றைப் படிக்கலாம். தம் ஊருக்கு வரும் அயலார்க்கு வழி சொல்லியும், தண்ணீர் கொடுத்தும், பொதுவிடங்களைத் தூய்மையாகக் காத்தும் அவர்கள் உதவலாம். தைப்பூசத்தின்போது வழிநடைக் களைப்போடு பழனித் தெருவில் வந்து நிற்கும் பயணிக்கு, இவ்வூரும் ஒரு பெருநகரே.